மங்கிய விளக்கும் தனிப் போட்டனும்: ஓர் ஒளிமுதலின் வரலாறு

வரலாறு பயிலும் மாணவனுக்கு முதலில் கற்பிக்கப்படுவது மூலங்களை ஐயுற்று நோக்கும் பழக்கமாகும். ஒரு கல்வெட்டு என்ன கூறுகின்றது என்பதை ஆராயுமுன்னர், அதனைப் பொறித்தவர் யார், எந்நோக்கத்தோடு பொறித்தார், அவர் அறிந்திருக்கக் கூடியது எவ்வளவு என்பனவற்றை வினவ வேண்டும். பௌதிகவியலாரும் ஒளியைப் பற்றிய தம் முடிபுகளை ஒரு மூலத்திலிருந்தே பெறுகின்றனர். அம்மூலம் விளக்கு. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல் வழங்க, தமிழிலே ஒன்றை மூலமென்றும் மற்றையதை ஒளிமுதலென்றும் நாம் பிரித்து வழங்குகின்றோம். அதனாலேயே போலும், விளக்கையும் ஒரு மூலமாகக் கொண்டு ஐயுற வேண்டும் என்பது எமக்கு எளிதிற் புலப்படுவதில்லை. பௌதிகவியலார்க்கும் அது எளிதிற் புலப்படவில்லை என்பதை இருபதாம் நூற்றாண்டின் வரலாறு காட்டுகின்றது. 1909ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு பரிசோதனைக்கு அதன் ஒளிமுதல் தாங்காத பொருளைப் பாடநூல்கள் நெடுங்காலம் ஏற்றி வந்தன. அப்பொருளைத் தாங்கவல்ல ஒளிமுதலொன்று கிடைத்தது 1986ஆம் ஆண்டிலேயே. இடைப்பட்ட எழுபத்தேழு ஆண்டுகளிலும், அதன் பின்னரும் நிகழ்ந்தவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1900ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் பேர்லினிலே மக்ஸ் பிளாங் என்பார், சூடேறிய பொருளின் கதிர்வீச்சை விளக்கும்பொருட்டு, சக்தி சிறு சிறு கூறுகளாகவே கொள்ளப்படும், கொடுக்கப்படும் என்றொரு கருதுகோளை முன்வைத்தார். எமது பாடநூல்கள் 'சொட்டு' எனத் தமிழாக்கிய குவாண்டம் இதுவே. 1905இல் ஐன்ஸ்டைன் ஒருபடி மேற்சென்று, ஒளி தானே இத்தகைய கூறுகளாலாயது என்றார். போட்டன் என்னும் பெயர் அதற்கு நிலைத்தது 1926இல் லூயிஸ் என்னும் இரசாயனவியலார் அதனைக் கையாண்ட பின்னரேயாகும். இவையனைத்தும் பலரும் அறிந்தவை; ஆதலின் விரித்தல் வேண்டா.

கேம்பிறிட்ஜிலே ஜே. ஜே. தொம்சன் எழுப்பிய ஐயமொன்றே எமது வரலாற்றின் தொடக்கமாகும். ஒளி கூறுகளாலாயதாயின், விளக்கை மிக மிக மங்கச் செய்யும்போது கூறுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் வரல் வேண்டும். அப்போது ஓர் அலை மற்றோர் அலையோடு கூடுவதால் உண்டாகும் தலையீட்டு வரிகள் மறைந்துவிட வேண்டுமல்லவா? இதனைச் சோதித்துப் பார்க்கும் பணி ஜெப்றி இங்ராம் ரெயிலர் என்னும் இளைஞரிடம் வந்தது. அவர் கையாண்ட கருவிகள் எளியவை. ஒரு வாயுச் சுவாலை, புகை படியவிட்ட கண்ணாடித் துண்டுகள், ஒரு தையலூசி, ஒளிப்படத் தட்டு ஆகியனவே அவை. ஊசியின் நிழலைச் சூழ்ந்து கருமையும் வெண்மையுமாக வரிகள் தோன்றும். புகைக் கண்ணாடிகளால் ஒளியைத் தடுத்துத் தடுத்து மங்கச் செய்து, தட்டை மிக நீண்ட நேரம் வைத்திருந்தார். இறுதிப் படத்துக்கு ஏறத்தாழ 2,000 மணித்தியாலம் சென்றது. ஏறக்குறைய மூன்று மாதம். அப்போது தட்டில் வீழ்ந்த ஒளி, ஒரு மைலுக்குச் சற்று அப்பால் எரியும் மெழுகுவர்த்தியின் ஒளிக்கு ஈடானதென அவர் கணக்கிட்டார். பெட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பாய்மரப் படகேறிக் கடலுலாச் சென்றுவிட்டார் எனவும் ஒரு கதை வழங்குகின்றது. வரிகள் சிறிதும் மங்கவில்லை.

ரெயிலரின் கட்டுரை இரண்டு பக்கங்களுக்கு மேற்படாதது. அதன் முடிபு மிக அடக்கமானது. வரிகளின் தெளிவு குறையவில்லை, ஆகவே பிரிக்கவியலாத ஒளிக்கூறு என ஒன்று இருப்பின் அதன் சக்தி இன்ன அளவுக்கு மேற்பட்டிருத்தல் இயலாது என்பதே அவர் கூறியது. பின்னர் அவர் பாய்பொருள்களின் ஆராய்ச்சிக்குத் திரும்பி, அத்துறையில் அழியாப் புகழ் பெற்றார். அவரது படத்துக்குப் புதுப்பொருள் கற்பித்தோர் பின்வந்தவர்களே. 1930இல் வெளிவந்த டிராக்கின் நூல், போட்டன் தன்னோடு தானே தலையிடும் என்னும் கருத்தைப் பிரசித்தமாக்கிற்று. அக்கருத்துக்குச் சான்று தேடியோர் ரெயிலரின் தட்டைச் சுட்டினர். கருவியினுள் ஒரு வேளையில் ஒரு போட்டன் மாத்திரமே இருந்தது, ஆயினும் வரிகள் தோன்றின, ஆகவே கருத்து நிலைநாட்டப்பட்டது என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதத்தின் பிழை எங்குள்ளது? சராசரியில் உள்ளது. மங்கிய விளக்கொன்றிலிருந்து சராசரியாக ஒரு வேளையில் ஒன்றுக்கும் குறைவான போட்டனே வருகின்றது எனக் கணக்கிடுவதால், எவ்வேளையிலும் ஒன்றுக்கு மேல் வரவில்லை என்பது பெறப்படாது. ஓர் ஊரிலே குடும்பத்துக்குச் சராசரி இரண்டு பிள்ளைகள் எனின், ஒவ்வொரு வீட்டிலும் இரண்டிரண்டு பிள்ளைகள் இருப்பதாகக் கொள்வார் உளரோ? இக்காலத்து லேசர் ஒளியை, ஒரு துடிப்புக்குச் சராசரி 0.1 போட்டன் என்னும் அளவுக்கு மங்கச் செய்வோமாயின், ஆயிரம் துடிப்புகளில் ஏறத்தாழ 905 வெறுமையாயிருக்கும். 90 துடிப்புகளில் ஒவ்வொரு போட்டன் இருக்கும். எஞ்சிய ஐந்தில் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அதனினும் மங்கச் செய்தால் அவ்வைந்து குறையும், ஆனால் வெறுமை பெருகும். ஒளியை எவ்வளவு மங்கச் செய்தாலும் அதன் இயல்பு மாறுவதில்லை. மேலும், ஒளியைத் தொடர்ச்சியான அலையாகவே கொண்டு, தட்டிலுள்ள அணுக்கள் மாத்திரம் குவாண்டம் விதிக்கு அமைவன எனக் கொண்டாலும் ரெயிலரின் படம் அவ்வாறே கிடைக்கும். எனவே அப்படம் போட்டனுக்குச் சாட்சி சொல்லவே இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக இதனைப் பெரிதும் எவரும் பொருட்படுத்தாதிருந்தமை வியப்பைத் தருகின்றது.

மௌனம் கலைந்தது வானியலிலிருந்து. அதனைக் கலைத்தவர் றொபேட் ஹன்பரி பிறவுண், தமிழகத்தின் நீலகிரியிலுள்ள அருவங்காட்டில் 1916ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது ராடார் கருவிகளோடு பழகியவர். போரின் பின்னர் மான்செஸ்ரருக்கு அண்மையிலுள்ள ஜொட்றல் பாங் நிலையத்தில் ரேடியோ வானியலாய்வில் ஈடுபட்டார். விண்மீன்களின் பருமனை அளக்க அவர் ஒரு புதுவழி கண்டார். இரண்டு ஏற்பிகளைத் தூரத்தூர வைத்து, அவற்றில் வீழும் கதிர்வீச்சின் செறிவு ஒருங்கே ஏறியிறங்குகின்றதா எனப் பார்ப்பதே அவ்வழி. கணித அறிஞரான றிச்சட் துவிஸ் இதற்குக் கணித அடிப்படை அமைத்தார். இவ்வழி ரேடியோ அலைக்கு மாத்திரமன்றிக் கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் பொருந்தும் என இருவரும் நம்பி, 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் ஆய்வுகூடப் பரிசோதனையை வெளியிட்டனர். இரசவாவி விளக்கொன்றின் ஒளி, அரைவெள்ளி பூசிய ஆடியொன்றில் வீழ்ந்து இரு கூறாகப் பிரிந்து, இரண்டு ஒளிப்பெருக்கிக் குழாய்களைச் சென்றடைந்தது. இரண்டு குழாய்களின் மின்னோட்டங்களும் ஒன்றோடொன்று தொடர்புற்று ஏறியிறங்கின.

இதற்கு எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. போட்டன் என்பது பிரிக்கவியலாததாயின், அது ஆடியில் ஒரு பக்கமே செல்லும். இரு குழாய்களும் ஒருங்கே துடிப்பது எங்ஙனம்? இத்தொடர்பு மெய்யாயின் குவாண்டம் கொள்கையையே திருத்தி எழுத வேண்டும் என எழுதியோரும் இருந்தனர். தொடர்பைத் தேடிக் காணாது, அது இல்லையெனச் சாதித்தோரும் இருந்தனர். அதே ஆண்டிலே ஹாவேட் பல்கலைக்கழகத்து எட்வேட் பேர்செல் ஒரு சிறு கட்டுரை எழுதி, அக்கொள்கை இத்தொடர்பை எதிர்பார்க்கின்றது என்றும், கண்டிலோம் என்றவர்களின் கருவிகளே போதிய நுண்மை பெற்றிருக்கவில்லை என்றும் விளக்கினார். வெப்பத்தால் ஒளிரும் விளக்கிலிருந்து போட்டன்கள் தனித்தனியே சீராக வருவதில்லை, கூட்டங்கூட்டமாக வருகின்றன. நெடுநேரம் காத்து நின்றபின் இரண்டு பஸ்வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதைக் கண்டு சலித்த மாணவர்க்கு இது புதுமையன்று.

பரிசோதித்தவர் இருவரும் அவ்வளவில் நில்லாது, படையினரின் தேடொளி விளக்குகளுக்குரிய இரண்டு ஆடிகளைக் கொண்டு சீரியஸ் விண்மீனின் விட்டத்தையும் அளந்தனர். பின்னர் அவுஸ்திரேலியாவின் நறாபிறையில் இதற்கெனவே அமைத்த கருவியால் முப்பத்திரண்டு விண்மீன்கள் அளக்கப்பட்டன. எமக்கு வேண்டுவது விண்மீனன்று. அந்த ஆடியும் இரண்டு குழாய்களுமே. ஒளிமுதலொன்றை நிறுத்தி 'நீ யார்?' என விசாரிக்கும் நீதிமன்றம் அதுவாயிற்று. இரு குழாய்களும் ஒருங்கே துடித்தல் தற்செயலின் அளவினும் மிகுமாயின், அது வெப்ப விளக்கு. தற்செயலின் அளவே நிகழுமாயின், அது லேசர். ஒருபோதும் ஒருங்கே துடிக்காதாயின், அதுவே தனிப் போட்டன்களைத் தரும் முதல். அத்தகைய முதல் ஒன்றும் அக்காலத்தில் இருக்கவில்லை.

இவ்வேறுபாட்டைக் கணிதமாக்கியோர், 1963இல் எழுதிய றோய் கிளௌபரும் ஈ. சி. ஜி. சுதர்சனுமாவர். கேரளத்துப் பள்ளத்திற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்று அமெரிக்கா சென்றவர் சுதர்சன். எவ்வகை ஒளியை அலைக்கொள்கையால் விளக்கலாம், எவ்வகை ஒளியை விளக்கவே இயலாது என்பதைப் பிரித்தறியும் சூத்திரம் இவ்விருவர் பெயராலும் இன்று வழங்குகின்றது. ஆனால் 2005ஆம் ஆண்டின் நோபல் பரிசில் ஒருபாதி கிளௌபருக்கு அளிக்கப்பட்டபோது சுதர்சனின் பெயர் இடம்பெறவில்லை. அவர் பரிசுக் குழுவுக்குத் தம் முறைப்பாட்டை எழுத்தில் அனுப்பினார், பயன் விளையவில்லை. 2018இல் அவர் காலமானார். எவர் பங்கு எவ்வளவு என நிறுத்துக் கூறும் தகைமை கலைப்பீட மாணவனுக்கு இல்லை. எனினும் சூத்திரத்துக்கு இரு பெயரும் பரிசுக்கு ஒரு பெயரும் என்பதை வரலாற்று மாணவன் குறித்து வைக்காமலிருத்தல் தகாது.

கொள்கை வகுக்கப்பட்டபின் கருவி வேண்டும். ஓர் அணுவைத் தனியே நிறுத்தினால் அது ஒரு போட்டனை விட்டபின் உடனே மற்றொன்றை விடவியலாது. மீண்டும் அருட்டப்பட்ட நிலைக்கு ஏறிய பின்னரே விடவியலும். அதற்குச் சிறிது காலம் வேண்டும். 1977இல் றொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் லெனாட் மண்டெல், தம் ஆராய்ச்சி மாணவர்களான ஜெப் கிம்பிள், மாரியோ டஜெனே ஆகிய இருவரோடு சேர்ந்து, சோடிய அணுக்களின் மெல்லிய கற்றையை லேசரால் ஒளிரச் செய்து இவ்விடைவெளியைக் கண்டார். அலைக்கொள்கையால் விளக்கவியலாத ஒளி முதன்முதலாகக் கைக்குள் வந்தது. ஆயினும் அணுக்கள் பறந்து செல்வன. எப்போது எத்தனை அணுக்கள் பார்வையில் நிற்கும் என்பது எவர் வசத்திலும் இருக்கவில்லை. இதனை நாம் சான்றெனக் கொள்ளலாமேயன்றி விளக்கெனல் பொருந்தாது.

1986ஆம் ஆண்டே எமது வரலாற்றின் திருப்பம். பரிசுக்கு அண்மையிலுள்ள ஓர்சேயில், அலன் அஸ்பேயும் அப்போது ஆராய்ச்சி மாணவராயிருந்த பிலிப் கிரான்ஜியேயும் ஜெரார் ரோஜேயும் கல்சிய அணுவைத் தேர்ந்தனர். அருட்டப்பட்ட கல்சிய அணு இரண்டு படிகளாக இறங்குகின்றது. முதற்படியில் 551 நனோமீற்றர் அலைநீளமுடைய பச்சைப் போட்டனையும், அடுத்த படியில் 423 நனோமீற்றர் அலைநீளமுடைய ஊதாப் போட்டனையும் விடுகின்றது. இரண்டுக்கும் இடைக்காலம் சராசரி ஐந்து நனோசெக்கனுக்கும் குறைவு. பச்சைப் போட்டனைக் கண்டவுடன் ஒரு சிறு காலவாயிலைத் திறந்தால், அவ்வாயிலுள் பெரும்பாலும் ஓர் ஊதாப் போட்டனே வரும். ஒன்று மற்றொன்றின் வரவைக் கட்டியங் கூறுகின்றது எனலாம்.

அவர்கள் செய்த முறையே போற்றற்குரியது. முதலில் விளக்கைச் சோதித்தனர். அதன் பின்னரே விளக்கைக் கொண்டு ஒளியைச் சோதித்தனர். ஊதாப் போட்டனை அரைவெள்ளி ஆடிக்கு அனுப்பி இரு பக்கத்தும் எண்ணியபோது, இரு குழாய்களும் ஒருங்கே துடித்தது தற்செயலின் அளவில் 0.18 பங்கே. அலையாயின் அது ஒன்றுக்குக் குறைதல் இயலாது. மிகவும் மங்கச் செய்த சாதாரண ஒளித்துடிப்புகளை அதே கருவிக்குள் விட்டுப் பார்த்தபோதோ அவ்வளவு ஒன்றாகவே நின்றது. ரெயிலரின் புகைக் கண்ணாடி எதனைச் செய்யவில்லை என்பது அன்று எண்ணால் நிறுவப்பட்டது. பின்னர் ஊதாப் போட்டன்களை இரு வழிகளுள்ள தலையீட்டுமானிக்குள் செலுத்தினர். வரிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்ட தெளிவுடன் தோன்றின. போட்டன் தன்னோடு தானே தலையிடும் என்னும் கூற்றுக்குத் தகுதியான சாட்சி இதுவே. கண்டறிந்த செய்தி 1909இல் நம்பப்பட்டதுதானே, ஆகவே இவ்வளவு உழைப்பும் எதற்கு எனச் சிலர் வினவலாம். சரியான முடிபைப் பிழையான சான்றிலிருந்து பெறுவதும் பிழையே என்பது வரலாற்றுத்துறையினர்க்குப் பழகிய வழக்காகும்.

இதற்கிடையே போட்டனுக்கு ஒரு தொழில் கிடைத்துவிட்டது. 1984 டிசெம்பரில் பெங்களூரில் நடைபெற்ற மாநாடொன்றில் சாள்ஸ் பெனற், ஜீல் பிறசாட் என்னும் இருவர், இரகசியக் குறிகளைப் போட்டனின் முனைவாக்கத்தில் எழுதி அனுப்பும் முறையை வெளியிட்டனர். இடையில் ஒட்டுக்கேட்பவர் போட்டனை அளந்தால் அதன் நிலை குலையும், திருட்டு வெளிப்படும். ஆனால் ஒரு துடிப்பில் இரண்டு போட்டன்கள் செல்லுமாயின், திருடன் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடலாம். ஆயிரத்தில் ஐந்து என நாம் மேலே கண்ட சிறு தொகை இப்போது ஒரு களவுவழி ஆயிற்று. அடுத்து, 2001இல் நில், லாபிளாம், மில்பேர்ண் ஆகியோர், ஆடிகளும் தனிப் போட்டன்களும் கண்டறி கருவிகளும் இருப்பின் குவாண்டம் கணினியை அமைக்கலாம் எனக் கொள்கையளவில் நிறுவினர். மண்டெலும் அவர்தம் மாணவர்களான ஹொங், ஊ என்போரும் 1987இல் கண்ட விளைவே இதற்கு அடித்தளம். முற்றிலும் ஒத்த இரண்டு போட்டன்கள் ஆடியின் இருபுறத்தும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், அவை பிரியாது ஒரே பக்கமாக வெளியேறும். எனவே விளக்கிடம் மும்மடங்கு வேலை எதிர்பார்க்கப்பட்டது. ஒன்றே வரல் வேண்டும். கேட்டபோது வரல் வேண்டும். வருவன யாவும் வேறுபாடின்றி இருத்தல் வேண்டும்.

மண்டெலின் குழுவினர் கையாண்ட முதல் ஒரு பளிங்கு. ஊதாக்கடந்த போட்டனொன்று பளிங்கினுள் இரண்டாக உடையும். ஒன்றைக் கண்டு மற்றதை எதிர்பார்க்கலாம்; ஆனால் எப்போது உடையும் என்பது தற்செயல். லேசரின் வலிமையைக் கூட்டினால் இரண்டு சோடிகள் ஒருங்கே வரும் அபாயமும் கூடும். தனி மூலக்கூறுகளும் வைரத்திலுள்ள குறைகளும்கூடச் சோதிக்கப்பட்டன. பெரும்பயன் விளைத்தது குறைகடத்தியாகும். கலியம் ஆசனைட்டினுள் இந்தியம் ஆசனைட்டைப் படியவிடும்போது, சில நனோமீற்றர் உயரமும் ஏறத்தாழ இருபது நனோமீற்றர் அகலமும் உடைய சிறு தீவுகள் தாமே அமைகின்றன. குவாண்டம் புள்ளி எனப்படும் இத்தீவு, பறந்து செல்லாத அணு போன்றது. சாந்தா பாபராவில் மிக்லர், இமமோக்லு முதலானோர் 2000ஆம் ஆண்டில், லேசர்த் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டனை விடும் புள்ளியொன்றைக் காட்டினர். 2002இல் ஸ்ரான்போர்ட்டில் யமமோட்டோவின் குழுவினர், ஒரே புள்ளியிலிருந்து அடுத்தடுத்து வரும் போட்டன்கள் பெரும்பாலும் ஒத்தவையே எனக் காட்டினர்.

இங்கே ஓர் இடையூறு. கலியம் ஆசனைட்டின் முறிவுச்சுட்டி ஏறத்தாழ 3.5. புள்ளியில் பிறக்கும் ஒளி முழுவுட்டெறிப்பினால் திண்மத்துள்ளேயே சிறைப்படுகின்றது. மேற்பரப்பு வழியே தப்புவது நூற்றுக்கு இரண்டளவே. நூறு முறை கேட்டால் இரண்டு முறை விடையளிக்கும் விளக்கால் ஆவதென்ன? விடை ஒரு பழைய குறிப்பில் இருந்தது. ஒளிவிடும் பொருளைப் பரிவுக் குழியொன்றினுள் வைத்தால் அது விரைவாகவும் குழி காட்டும் வழியிலும் ஒளிவிடும் என 1946இல் ஒரு பக்கமும் நிரம்பாத குறிப்பொன்று வெளியாகியிருந்தது. அதனை எழுதியவர், ஹன்பரி பிறவுணுக்காகப் பத்தாண்டின் பின்னர் வழக்காடிய அதே பேர்செல். அவர் எண்ணியது காந்தப் பரிவை. ஒளிக்கு அது பயன்பட அரை நூற்றாண்டு சென்றது. 1998இல் பிரான்சிலே ஜெரார் முதலானோர், புள்ளிகளை நுண்ணிய தூண்களுள் அடக்கி இவ்விளைவைக் கண்டனர்.

தூணும் புள்ளியும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதே அடுத்த தொல்லை. புள்ளிகள் தாம் விரும்பிய இடத்தில் அமைவன. அவற்றின் நிறமும் புள்ளிக்குப் புள்ளி வேறுபடும். கண்ணை மூடித் தூண்களைச் செதுக்கினால் ஆயிரத்தில் ஒன்று பொருந்துவதும் அரிது. பாஸ்கல் செனெலார் அம்மையாரின் குழுவினர், முதலிற் புள்ளியைத் தேடிக் கண்டு, அதன் நிறத்தை அளந்து, அதனைச் சூழவே தூணை வரையும் முறையை 2008இல் வெளியிட்டனர். 2016இல் இக்குழுவினரும், சீனாவின் ஹெபெய் நகரத்தில் ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் குழுவினரோடு இணைந்து உழைத்தோரும், ஒருமை, ஒப்புமை, செறிவு மூன்றும் ஒருங்கே அமைந்த முதல்களை வெளியிட்டனர். 2021இல் பாசெல் பல்கலைக்கழகத்தினர் ஐம்பத்தேழு நூற்றுவீதம் வினைத்திறனை எட்டினர். நார் இறுதியில், நூறு முறை கேட்டால் ஐம்பத்தேழு முறை ஒரு போட்டன் வந்து சேர்ந்தது.

இவ்வெண்களை வெறும் போட்டியாகக் கருதுதல் தவறு. பத்துப் போட்டன்கள் ஒருங்கே வேண்டுமிடத்து, ஒவ்வொன்றின் வாய்ப்பும் அரைவாசியாயின், பத்தும் வருவது ஆயிரத்து இருபத்துநான்கு தடவைக்கு ஒன்றே. ஒவ்வொன்றின் வாய்ப்பும் 0.9 ஆயின், மூன்று தடவைக்கு ஒன்று வரும். இழப்பைத் தாங்கும் கணினி அமைப்பொன்றுக்கு, முதலினதும் கண்டறி கருவியினதும் வினைத்திறன்களின் பெருக்கம் மூன்றிலிரண்டுக்கு மேற்பட வேண்டும் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வினைத்திறனில் ஒரு நூற்றுவீதத்தை உயர்த்துவதற்காகக் கலாநிதிப் பட்ட மாணவர் ஒருவர் மூன்று நான்கு ஆண்டுகளைச் செலவிடுவதன் பொருள் இதுவே. ரெயிலரின் காலத்தில் கேம்பிறிட்ஜில் கலாநிதிப் பட்டம் என ஒன்றில்லை. அவர் மூன்று மாதத்தில் முடித்துக்கொண்டார். கிம்பிள், டஜெனே, கிரான்ஜியே, ஹொங், ஊ என நாம் மேலே கண்ட பெயர்களோ யாவும் மாணவராக வரலாற்றுட் புகுந்தோர் பெயர்களே.

மங்கிய விளக்கு முற்றாகத் தோற்றுவிட்டது எனவுங் கூறவியலாது. துடிப்புகளின் செறிவை இடையிடையே மாற்றி அனுப்பினால் ஒட்டுக்கேட்பவரின் திருட்டைக் கண்டுபிடிக்கலாம் என 2003இலும் 2005இலும் காட்டப்பட்டது. அதன் பின்னர் இரகசியக் குறிகளை அனுப்பும் தொழிலைப் பெரும்பாலும் மங்கச் செய்த லேசரே செய்து வருகின்றது. தன் குறையை மறைக்காது கணக்கிற் சேர்த்துக்கொண்டதால் அது பிழைத்தது. கணினிக்கு இவ்வுபாயம் உதவாது; அங்கே தனிப் போட்டனே வேண்டும்.

தனிப் போட்டனுக்கோ இன்னும் இரண்டு தளைகள் உள. புள்ளிகள் மைனஸ் 269 பாகை அளவிலான கடுங்குளிரிலேயே நன்கு தொழிற்படுகின்றன. அன்றியும், மிகச் சிறந்த புள்ளிகள் 900 நனோமீற்றரை அடுத்த அலைநீளத்தில் ஒளிவிட, கண்ணாடி நாரில் நெடுந்தூரம் மிகக் குறைந்த இழப்போடு செல்வது 1,550 நனோமீற்றர் ஒளியே. அவ்வலைநீளத்திலே அதே தூய்மையோடு ஒளிவிடும் புள்ளியை ஆக்குவதா, போட்டனின் நிறத்தை வழியில் மாற்றுவதா என ஆய்வுகூடங்கள் இருவழியும் முயன்று வருகின்றன. எவ்வழியாற் பிறந்த விளக்காயினும், அது முதலிற் கொண்டு நிறுத்தப்படுவது ஓர் அரைவெள்ளி ஆடிக்கும் இரண்டு கண்டறி கருவிகளுக்கும் முன்னாலேயாகும்.